அனுமந்தை மணலில் மணிலா: நுண்ணூட்டத்தின் வரலாறு

பயறு வகைச் செடிகளுக்குத் தழைச்சத்து அதிகம் வேண்டியதில்லை. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்த வேலை நடப்பதற்கே இரும்பு, மாலிப்டினம், போரான், துத்தநாகம் போன்றவை வேண்டும். ஏக்கருக்குச் சில கிராம் முதல் ஒன்றிரண்டு கிலோ வரை போதுமான இச்சத்துகளைத்தான் நுண்ணூட்டம் என்கிறார்கள். மணிலா, உளுந்து, துவரை, காராமணி முதலியவற்றின் விளைச்சலில் இவற்றின் பங்கு அளவுக்கு மீறியது. மரக்காணம் உப்பளக் கரையை ஒட்டிய ஊர்களில் இச்சத்துகள் பெயரில்லாமலே வயலுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. பிறகு அவை மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. கடைசியில் பெயரும் விலையும் பெற்றுப் பொட்டலமாகத் திரும்பி வந்தன. இந்த மூன்று கட்டங்களும் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குள் அடங்கும்.

நிலமும் பயிரும்

அனுமந்தை, சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் வட்டத்தில் உள்ள ஊர். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி தென்னார்க்காட்டில் திண்டிவனம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. வடக்கே மரக்காணம் உப்பளங்கள், கிழக்கே கடல், மேற்கே கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பு. கரையோரம் முழுக்க மணல். சவுக்கும் தென்னையும் அங்கே பிடித்து நிற்கின்றன. சற்று உள்ளே, வானூர்ப் பக்கம் போகப் போக நிலம் செம்மண்ணாக மாறுகிறது. ஏரிப் பாசனம் உள்ள இடங்களில் நெல், மேட்டு நிலத்தில் மணிலா, கம்பு, தர்ப்பூசணி என்று பயிர்கள் பிரிகின்றன.

வேர்க்கடலையை இந்த வட்டாரத்தில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்வார்கள். மணல் அதற்கு இடம் கொடுக்கிற மண். பூ உதிர்ந்த பிறகு இறங்கும் விழுது, இளக்கமான மண்ணில் எளிதாகப் புகுந்து காயாகிறது. பிடுங்கும்போது காய் மண்ணில் அறுந்து நிற்பதில்லை. ஆனால் சத்தைப் பிடித்து வைக்கும் களியும் மக்கும் மணலில் மிகக் குறைவு. போரான், கந்தகம் போன்றவை நீரோடு நீராக இறங்கிவிடும் தன்மை உடையவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை இவற்றை வேர் எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. விதைப்புக்கும் அறுப்புக்கும் வசதியான அதே மண், ஊட்டத்தில் கைவிடக்கூடியது. இந்த முரண்பாட்டைச் சமாளிக்கும் முயற்சியே இக்கரையின் உரமிடல் வரலாறு.

பெயரில்லாத சத்துகள்

ரசாயன உரத்துக்கு முந்தைய காலத்தில் தென்னார்க்காட்டுப் புன்செய் நிலத்துக்குப் போனவை ஐந்தாறு பொருள்கள்: குப்பை எரு, ஏரி வண்டல், ஆட்டுக்கிடை, அடுப்புச் சாம்பல், தழை, புண்ணாக்கு. கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டி வண்டல் அடித்தார்கள். மழைநீரில் அடித்து வரப்பட்டுத் தங்கிய இந்த நுண்ணிய களியில் இரும்பும் மாங்கனீசும் துத்தநாகமும் ஒட்டியிருக்கும். மணல் நிலத்தில் அதைப் பரப்பினால் சத்து சேர்வதோடு, அடுத்து வரும் சத்தைப் பிடித்துக்கொள்ளும் திறனும் மண்ணுக்குக் கூடுகிறது. ஆவாரை, புங்கு, வேம்பு, கொழிஞ்சி ஆகியவற்றின் தழை, ஆழத்து வேர்கள் இழுத்த தாதுக்களை மேல்மண்ணுக்குக் கொண்டுவந்தது. ஊர்ப் பொதுநிலத்தில் மேய்ந்த ஆடுகள் இரவில் கிடை போடப்பட்டபோது, பல ஏக்கர் மேய்ச்சலின் சாரம் ஒரு காணிக்குள் இறங்கியது.

பயிர் அடுக்கும் இதற்குத் துணை செய்தது. கம்போடு துவரை, வரகோடு மொச்சை, கேழ்வரகைச் சுற்றி அவரை என்று புல்லினப் பயிரும் பயறினப் பயிரும் ஒரே நிலத்தில் நின்றன. பயறு தழைச்சத்தைத் தருகிறது என்பது பின்னாளில் விளங்கிய பாதி விஷயம். மறுபாதி இரும்பு பற்றியது. புல்லினப் பயிர்களின் வேர், மண்ணில் பூட்டிக் கிடக்கும் இரும்பைக் கரைத்தெடுக்கும் ஒருவகைப் பொருளைச் சுரக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் தனியாக நின்று வெளிறிப்போகும் வேர்க்கடலை, மக்காச்சோளத்தோடு சேர்த்து விதைக்கப்பட்டால் பச்சை பிடிப்பதைச் சீனத்தில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த ஆய்வுகள் காட்டின. கம்பும் அதே புல் குடும்பத்தைச் சேர்ந்தது.

கப்பலேறிய காய்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறியது. தென் அமெரிக்காவில் தோன்றிப் பல வழிகளில் இந்தியாவுக்கு வந்த வேர்க்கடலை, அதுவரை தென்னார்க்காட்டில் சிறு பயிராகவே இருந்தது. பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்கும் சவர்க்கார ஆலைகளுக்கும் மலிவான எண்ணெய் வித்து தேவைப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரித் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தது. 1870-களில் தென்னிந்திய ரயில் பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியாக வந்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப் பாதை போடப்பட்டது. கம்பும் வரகும் நின்ற மேட்டு நிலங்கள் மணிலாவுக்கு மாறின. புதுச்சேரியின் ஏற்றுமதியில் மணிலா முதலிடத்துக்கு வந்தது.

இந்த வாணிகத்தின் மண்ணியல் விளைவு ஒரு எளிய வேதியியல் உண்மையில் அடங்கியிருக்கிறது. எண்ணெய் என்பது கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றால் ஆனது. அதில் தாது ஏறக்குறைய இல்லை. விதையிலுள்ள இரும்பு, துத்தநாகம், போரான், மணிச்சத்து எல்லாம் புண்ணாக்கில் தங்கிவிடுகின்றன. ஊர்ச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் விற்கப்படும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகும். சாணமாக வயலுக்கே திரும்பும். முழுப் பருப்பு கப்பலேறினால் எண்ணெயோடு தாதுவும் கடல் கடந்துபோகும். மார்செய் ஆலையில் மிஞ்சிய புண்ணாக்கு அங்குள்ள மாட்டுக்குத் தீவனமும் வயலுக்கு உரமும் ஆனது.

மணிலாவின் அறுவடை முறையும் இழப்பைக் கூட்டியது. துவரை வயலில் இலையைக் கொட்டிவிட்டுப் போகிறது. மணிலாவை வேரோடு பிடுங்குகிறார்கள். காய் களத்துக்கும் கொடி மாட்டுக்கும் போகின்றன. கொடி எருவாகி அதே வயலுக்குத் திரும்பினால்தான் கணக்கு நேராகும். மணிலா பரவியபோது சாணம் அடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தது. இந்திய வேளாண்மையை ஆராய 1889-இல் அனுப்பப்பட்ட வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், சாணம் எரிக்கப்படுவதையும் எண்ணெய் வித்தும் எலும்பும் ஏற்றுமதியாவதையும் மண்வளத்தின் இழப்பாகக் கணக்கிட்டார். அவர் காலத்தில் நுண்ணூட்டம் என்ற கருத்தே உருவாகவில்லை. தழை, மணி, சாம்பல் சத்துகளை மனத்தில் வைத்து எழுதிய அவருடைய வாதம், பெயரிடப்படாத சத்துகளுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

1890-களின் சரிவும் ஆய்வு நிலையங்களும்

1890-களில் தென்னார்க்காட்டு மணிலாப் பரப்பு சட்டென்று சுருங்கியது. இலைப்புள்ளி நோயும் நாட்பட்ட விதையின் சீர்கேடும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பாரி என்ற வணிக நிறுவனம் வெளிநாட்டு விதையைத் தருவித்துப் பரப்பியது. மொசாம்பிக் வழி வந்த அந்தக் கொடி ரகங்கள் பயிரை மீட்டன. 1905-இல் கடலூருக்கு அருகே பாலூரில் அரசு வேளாண்மை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டபோது மணிலாவே அதன் முதன்மைப் பயிர்களில் ஒன்று. 1930-களில் எண்ணெய் வித்து ஆராய்ச்சிக்குத் திண்டிவனம் மையமானது. அங்கே தேர்வு செய்யப்பட்ட டிஎம்வி 1, டிஎம்வி 2 ரகங்கள் 1940-இல் வெளியாயின. குடியாத்தம் கொத்து மணிலாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட டிஎம்வி 2 தென்னிந்தியா முழுவதும் பரவிப் பல பத்தாண்டுகள் நிலைத்தது.

இந்த அரை நூற்றாண்டின் கவனம் பெரும்பாலும் விதை மேல்தான் இருந்தது. விளைச்சல் குறைந்தால் ரகத்தை மாற்றுவது வழக்கமாயிற்று. மண்ணைப் பற்றிய நீண்டகாலக் கேள்விகள் கோயம்புத்தூரில் கேட்கப்பட்டன. அங்கே 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை, ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் ஒரே உரத்தை இட்டு வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தது. பயறு வகைக்கு வேண்டிய சிறு சத்துகளின் விடையோ வேறு கண்டங்களில் உருவாகிக்கொண்டிருந்தது.

அவரைச் செடி சொன்ன விடை

பயறு வகை காற்றிலிருந்து நைட்ரஜன் பெறுகிறது என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886-88 ஆண்டுகளில் நிறுவினர். 1888-இல் நெதர்லாந்தின் பைஜரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அடுத்த கட்டத்திலும் பயறு வகையே சோதனைச் செடியானது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காத்தரீன் வாரிங்டன் என்ற பெண் விஞ்ஞானி, ஒருவகை அவரைச் செடியைச் சத்துக் கரைசலில் வளர்த்தார். பிற சத்துகள் எல்லாம் இருந்தும் போரான் இல்லாத செடிகளின் குருத்து கருகிச் செத்தது. மிகச் சிறு அளவு போரிக் அமிலம் சேர்த்தவை தழைத்தன. 1923-இல் வெளியான இந்த முடிவுதான் போரானைத் தாவரத்துக்கு இன்றியமையாத சத்து என்று நிலைநாட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நிலையத்தில் பிரெஞ்ச்லியும் தார்ண்டனும் முடிச்சை அறுத்துப் பார்த்தனர். போரான் இல்லாத செடியின் முடிச்சில், செடியோடு இணைக்கும் குழாய்த் திசு சரியாக உருவாகவில்லை. பாக்டீரியா உள்ளே இருந்தும் செடிக்கு நைட்ரஜன் போய்ச் சேரவில்லை.

மாலிப்டினத்தின் கதை சாம்பலில் தொடங்குகிறது. மண்ணில் தனித்து வாழ்ந்து நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாவுக்கு மாலிப்டினம் தேவை என்று ஜெர்மனியின் போர்ட்டெல்ஸ் 1930-இல் காட்டியிருந்தார். 1939-இல் கலிபோர்னியாவில் ஆர்னனும் ஸ்டவுட்டும் தக்காளியில் அதன் இன்றியமையாமையை நிறுவினர். தென் ஆஸ்திரேலியாவில் மணிச்சத்து போட்டும் தேறாத தீவனப் பயறு, மரம் எரிந்த சாம்பல் கிடந்த இடங்களில் மட்டும் செழித்தது. ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் சாம்பலைத் துருவி, அதிலிருந்த மாலிப்டினமே காரணம் என்று 1942-இல் அறிவித்தார். புன்செய்க்கு அடுப்புச் சாம்பல் தூவிய தமிழ்நாட்டு வழக்கத்துக்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. சாம்பலில் மாலிப்டினம் உண்டு. மேலும் சாம்பலின் காரத்தன்மை மண்ணில் ஏற்கெனவே உள்ள மாலிப்டினத்தையும் வேருக்கு எட்டச் செய்கிறது.

மாங்கனீசு 1922-இலும் துத்தநாகம் 1926-இலும் செம்பு 1931-இலும் உறுதி செய்யப்பட்டன. முடிச்சுப் பாக்டீரியாவுக்குக் கோபால்ட் தேவை என்பது 1960-ஐ ஒட்டிச் சோயாவில் தெரிந்தது. நிக்கலின் தேவையும் 1983-இல் சோயாவில்தான் முதலில் காட்டப்பட்டது.

எந்தச் சத்து என்ன செய்கிறது

முடிச்சுக்குள் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியின் மையத்தில் ஏழு இரும்பு அணுக்களும் ஒரு மாலிப்டினம் அணுவும் சேர்ந்த கூட்டு இருக்கிறது. அந்த நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்சிஜனை அளவோடு கடத்துவது நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு இரும்புப் புரதம். பூக்கும் பருவத்தில் ஒரு மணிலாச் செடியைப் பறித்து, முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். உள்ளே ரோஜா நிறமாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. அத்தகைய செடிக்கு யூரியா போட்டால் இலை கறுக்கும், முடிச்சு திருந்தாது.

இரும்புக் குறை மணிலாவில் இளம் இலையில் தொடங்குகிறது. முதலில் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். முற்றினால் இலை முழுதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாமல் போவதால் இப்படி நேர்வதில்லை. சுண்ணாம்போ காரமோ மிகுந்த மண்ணில் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்வதே காரணம். துத்தநாகம் குறைந்தால் கணுவிடை குறுகி இலை சிறுத்துச் செடி கட்டையாக நிற்கும். உளுந்திலும் பாசிப்பயறிலும் காய் பிடிப்பு தாமதமாகும். போரான் குறைந்தால் பூவில் மகரந்தம் வலுவிழக்கும், பூ உதிரும். மணிலாப் பருப்பை இரண்டாகப் பிளந்தால் உட்பக்கம் குழிந்து பழுப்பேறியிருக்கும். வெளியே நல்ல காய் போலத் தெரிவதால் உடைத்துப் பார்க்கும் வரை இக்குறை பிடிபடாது.

ஆகவே நுண்ணூட்டம் விளைச்சலை மூன்று இடங்களில் தொடுகிறது: முடிச்சின் நைட்ரஜன் வேலை, பூ காயாவது, காய்க்குள் பருப்பு நிறைவது. செடியின் உயரமும் பசுமையும் கூடுவது முதல் இடத்தின் விளைவு. காய் எண்ணிக்கையும் உடைபருப்பு விகிதமும் நூறு பருப்பின் எடையும் மற்ற இரண்டைப் பொறுத்தவை. பச்சைப் பசேலென்று நிற்கும் வயலில் பாதிக் காய் பொக்காகப் போவது இதனால்தான்.

தூய உரத்தின் காலம்

இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-இல் ராணிப்பேட்டையில் அமைந்தது. அமைத்ததும் மணிலா விதை தருவித்த அதே பாரி நிறுவனம்தான். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 விழுக்காடுதான். ஆனால் அதன் பெரும்பகுதி ஜிப்சம். சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் அதனுடன் தாமாகவே வந்தன. பாறையிலிருந்து வந்த அழுக்காகச் சிறிது நுண்ணூட்டமும் இருந்தது.

1966-இல் தென்னார்க்காட்டு நெய்வேலியிலேயே யூரியா உற்பத்தி தொடங்கியது. 1971-இல் மணலியில் சென்னை உரத் தொழிற்சாலை வந்தது. யூரியாவும் டிஏபியும் செறிவு மிக்கவை. தூக்கிச் செல்ல எளிது. ஒரு மூட்டையில் சத்து அதிகம். டிஏபியில் 18 விழுக்காடு தழைச்சத்தும் 46 விழுக்காடு மணிச்சத்தும் உண்டு. சூப்பர் பாஸ்பேட்டோடு இலவசமாக வந்த சுண்ணாம்பும் கந்தகமும் இதில் இல்லை. உரம் தூய்மையாகத் தூய்மையாக, எழுதப்படாத சத்துகள் மூட்டையை விட்டு வெளியேறின. டிராக்டரும் பம்பு செட்டும் வந்து மாடு குறைந்தபோது எருவும் குறைந்தது. வண்டல் அடிப்பதும் கிடை போடுவதும் பல ஊர்களில் நின்றன. புதிய ரகங்கள் அதிகமாக விளைந்தன. மண்ணிலிருந்து அதிகமாக எடுத்தன.

எச்சரிக்கை முதலில் நெல்லில் வந்தது. அன்று உத்தரப் பிரதேசத்தில் இருந்த பந்த்நகரில், நோய் என்று நினைக்கப்பட்ட நெற்பயிரின் பழுப்பு, துத்தநாகக் குறையே என்று 1966-இல் நேனே என்ற ஆய்வாளர் காட்டினார். 1967-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் மண்ணின் நுண்ணூட்டங்களுக்கென அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கோயம்புத்தூர் அதன் மையங்களில் ஒன்று. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானபின் அந்தப் பணி அதன் பொறுப்பில் தொடர்ந்தது. மண்ணிலிருந்து செடிக்குக் கிடைக்கக்கூடிய துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, செம்பு ஆகிய நான்கையும் ஒரே கரைசலால் அளக்கும் முறையை அமெரிக்காவின் லிண்ட்சேயும் நார்வெலும் 1978-இல் வெளியிட்டனர். அதன் பிறகே ஊர் ஊராக மண் மாதிரி எடுத்துப் பற்றாக்குறை வரைபடம் போடுவது சாத்தியமாயிற்று. துத்தநாகப் பற்றாக்குறை மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பது அந்த வரைபடங்களில் தெரியவந்தது. 1986-இல் மத்திய அரசு எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியபோது, ஜிப்சமும் நுண்ணூட்டமும் மணிலா சாகுபடிக் குறிப்புகளில் நிலையான இடம் பெற்றன.

ஜிப்சமும் உப்பளமும்

சுண்ணாம்புச் சத்து நுண்ணூட்டம் அன்று, அளவில் பெரியது. ஆனால் மணிலாவின் போரான் கதையை அதிலிருந்து பிரிக்க முடியாது. மணிலாக் காய், தனக்கு வேண்டிய சுண்ணாம்பை வேர் வழியாகப் பெறுவதில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து தோல் வழியாகத் தானே உறிஞ்சுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1940-களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. எனவே காய் இறங்கும் மேல் மூன்று நான்கு அங்குல மண்ணில் சுண்ணாம்பு இருக்க வேண்டும். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40 முதல் 45-ஆம் நாளில் இட்டு மண் அணைக்கும் பரிந்துரை இந்த அடிப்படையில் எழுந்தது. அதே மண் அணைப்பில் போரானையும் சேர்க்கலாம் என்பதால், போரான் குறைந்த நிலத்துக்கு எக்டேருக்கு 10 கிலோ போராக்ஸை 200 கிலோ ஜிப்சத்தோடு கலந்து 45-ஆம் நாளில் இடச் சொல்கிறார்கள்.

ஜிப்சம் உப்பளத்திலும் பிறக்கிறது. கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் காய்ச்சும்போது உப்புகள் ஒரு வரிசையில் படிகின்றன. முதலில் இரும்பும் சுண்ணாம்புக் கார்பனேட்டும் அடியில் தங்கும். நீர் மேலும் சுண்டும்போது ஜிப்சம் ஊசிப் படிகமாகப் படியும். ஏறத்தாழ 25 பாகை போமே அடர்த்தியில் சோற்றுப்பு விழத் தொடங்கும். மிஞ்சும் நச்சுநீரில் மக்னீசியம் இருக்கும். உப்பு விழும் பாத்திக்குப் போகுமுன் ஜிப்சத்தைப் பிரித்துவிடுவது நல்ல உப்புக்கு வேண்டிய வேலை. தூத்துக்குடிக் கரையில் இந்தக் கடல் ஜிப்சம் தனிச் சரக்காகவே திரட்டப்படுகிறது. வயலில் போடுமுன் அதில் ஒட்டியுள்ள உப்பு கழுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொட்டலமும் கரைசலும்

இன்றைய நடைமுறை விதையில் தொடங்குகிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் முடிச்சுப் பாக்டீரியாவான ரைசோபியம் அடங்கிய பொட்டலத்தைக் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்கிறார்கள். அதற்கு முன் பூஞ்சை மருந்து கலப்பதானால் இடையில் ஒரு நாளாவது விட வேண்டும். இல்லையென்றால் பாக்டீரியா செத்துவிடும்.

மணிலாவுக்கென வேளாண்மைத் துறை தரும் நுண்ணூட்டக் கலவை எக்டேருக்கு 12.5 கிலோ. அத்தனை சிறிய அளவை ஒரு எக்டேர் முழுதும் சீராகத் தூவுவது கையால் ஆகாத காரியம். ஆகவே மணல் சேர்த்து 50 கிலோவாக்கி, விதைத்த உடன் மேலாகத் தூவுகிறார்கள், மண்ணோடு கிளறுவதில்லை. துத்தநாகம் மட்டும் குறைந்த நிலத்துக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போதும். அதை டிஏபியோடு கலந்து போடக் கூடாது. மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் வேருக்கு எட்டாமல் போகும். மஞ்சளான மணிலாவுக்கு 1 விழுக்காடு இரும்பு சல்பேட் கரைசலை 30, 40, 50-ஆம் நாள்களில் இலைவழி தெளிக்கிறார்கள். கார மண்ணில் இரும்பை மண்ணில் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும் என்பதால் இலைதான் அதற்கு வழி.

மணிலாவில் பரவலாக அறியப்பட்ட மற்றொரு முறை ஊட்டக் கரைசல். எக்டேருக்கு 2.5 கிலோ டிஏபி, 1 கிலோ அம்மோனியம் சல்பேட், அரை கிலோ போராக்ஸ் மூன்றையும் 37 லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊற வைக்கிறார்கள். காலையில் தெளிவை மட்டும் வடித்தால் 32 லிட்டர் அளவுக்குக் கிடைக்கும். அதை 500 லிட்டராக்கி, 350 மில்லி பிளானோபிக்ஸ் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சேர்த்து, 25-ஆம் நாளும் 35-ஆம் நாளும் தெளிக்கிறார்கள். வண்டலைக் கலக்கிவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்பதால் வடிப்பதில் பொறுமை வேண்டும்.

நெல் தரிசு உளுந்துக்கு வேறு கணக்கு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, ஈரம் காயாத நெல் வயலில் உளுந்தை வீசி விதைக்கிறார்கள். உழவும் இல்லை, அடியுரம் போட வழியும் இல்லை. ஆகவே 2 விழுக்காடு டிஏபி கரைசலைப் பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் இலைவழி தெளிப்பது தமிழ்நாட்டில் நிலைபெற்றது. இந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் பேரூட்டம், நுண்ணூட்டம், வளர்ச்சி ஊக்கி மூன்றையும் ஒரே பொட்டலத்தில் அடக்கிய பயறு ஒண்டர், நிலக்கடலை ரிச் ஆகியவற்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. பயறு ஒண்டரை ஏக்கருக்கு 2 கிலோ வீதம் பூக்கும் உச்சத்தில் தெளித்தால் பூ உதிர்வது குறைந்து 20 விழுக்காடு வரையும், நிலக்கடலை ரிச்சைப் பூப்பிலும் காய் நிறையும் பருவத்திலும் தெளித்தால் 15 விழுக்காடு வரையும் விளைச்சல் கூடும் என்று பல்கலைக்கழகம் தெரிவிக்கிறது. சத்துக் குறை உள்ள வயலில் மட்டுமே இந்த ஏற்றத்தை எதிர்பார்க்கலாம்; குறை இல்லாத வயலில் தெளிப்புக்குக் கூலிதான் மிஞ்சும்.

உப்பு வரம்பும் மண் அட்டையும்

கரையோர நிலத்தில் நுண்ணூட்டத்துக்கு முன் உப்பைக் கவனிக்க வேண்டும். பயறு வகைகள் பொதுவாக உப்பைத் தாங்காதவை. மண்ணின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 3.2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் மணிலா விளைச்சல் செங்குத்தாகச் சரிகிறது. காராமணி 4.9 வரை தாங்கும். உப்பு மிகுந்தால் முடிச்சு பிடிப்பதே குறையும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியபோது கடல்நீர் ஏறிய நிலங்களில், முதலில் நன்னீரால் உப்பைக் கழுவி இறக்குவதே வேலையாக இருந்தது. கிணற்று நீர் உவர்ப்பாக மாறிவரும் இடங்களில் இதே பிரச்சினை மெதுவாக வருகிறது.

போரானில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் மற்ற நுண்ணூட்டங்களைவிட அதில் குறைவு. கடல்நீரில் போரான் இயல்பாகவே உண்டு. மழையில் கழுவப்பட்ட மேட்டு மணலில் போரான் போதாமல் இருக்க, அரை மைல் தள்ளி உவர்நீர் பாயும் தாழ்நிலத்தில் அது மிஞ்சியிருக்கலாம். பக்கத்து வயலுக்குப் போட்டார்கள் என்று போராக்ஸ் இடுவது இங்கே இலை ஓரம் கருகுவதில் முடியக்கூடும்.

மண் பரிசோதனை இல்லாமல் இதைத் தீர்மானிக்க முடியாது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய தேசிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு அளவீடுகளைத் தருகிறது. கார அமில நிலை, உப்பு, கரிமம், பேரூட்டங்கள் மூன்று, கந்தகம் ஆகியவற்றோடு துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஆகிய ஐந்து நுண்ணூட்டங்கள் அதில் உண்டு. வேர் முடிச்சுக்கு உயிர்நாடியான மாலிப்டினம் அதில் இல்லை. எக்டேருக்குச் சில பத்து கிராம் போதும் என்பதால் அதை விதையில் பூசியே கொடுத்துவிடலாம். அமில மண்ணில்தான் அது செடிக்கு எட்டாமல் போகிறது. காரம் ஏறிய கரையோர நிலத்தில் அந்தக் கவலை குறைவு, உள்ளே செம்மண் மேட்டில் கூடுதல்.

மணிலாவுக்கும் உளுந்துக்கும் இன்று கிடைக்கும் பரிந்துரைகளில் தொழு உரம் எக்டேருக்கு 12.5 டன் என்பது முதல் வரியாக நிற்கிறது. மணலில் இடப்படும் துத்தநாகமும் போரானும் அடுத்த மழைவரை தங்குவதற்கு எருவின் மக்கு வேண்டும். ஊட்டமேற்றிய தொழு உரத்தோடு நுண்ணூட்டக் கலவையை ஒரு மாதம் மூட்டமாக வைத்திருந்து இடும் முறையும் இதற்காகவே பரிந்துரைக்கப்படுகிறது. எரு கிடைக்காத நிலத்தில் இலைவழித் தெளிப்பு அந்தப் பருவத்துப் பயிரைக் காப்பாற்றும், மண்ணை நிரப்பாது.